அந்தி ஏன் நீள்கிறது: ஸ்கேலும் கோணமானியும் வைத்துப் படித்த பாடம்

போட்டித் தேர்வுக்குப் புவியியல் படித்தபோது, எந்த அட்சரேகையில் எந்த மாதம் எத்தனை மணி நேரம் பகல் என்ற அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மாதிரித் தேர்வில் கேட்டதோ, துருவத்தை நோக்கிப் போகப் போக அந்தி ஏன் நீள்கிறது என்று. ஒரு வரி எழுத முடியவில்லை. அன்று இரவே அட்டவணையை மூடிவிட்டுப் படம் போட உட்கார்ந்தேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். தொடுவானத்துக்கு ஒரு கோடு, அதற்கு 1 செ.மீ. கீழே இன்னொரு கோடு. இந்த 1 செ.மீ.தான் 6 டிகிரி. சூரியன் அவ்வளவு இறங்கும்வரை வெளியே விளக்கில்லாமல் ஆள் முகம் தெரியும். மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஆக, 1 செ.மீ. போக 24 நிமிடம். நிலநடுக்கோட்டில் அது செங்குத்தாக இறங்கும், 24 நிமிடத்தில் கதை முடிந்தது. 60 டிகிரி அட்சரேகையில், 90இல் 60 போக, தொடுவானக் கோட்டோடு 30 டிகிரி கோணத்தில் சாய்வாக இறங்கும். கோணமானி வைத்து அந்தச் சாய்கோட்டை வரைந்து ஸ்கேலால் அளந்தேன். 2 செ.மீ. இருந்தது. அதாவது 48 நிமிடம். எனக்குப் பாடம் புரிந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்தது ஒரு கழித்தல். 90இல் அட்சரேகையையும், பூமியின் அச்சுச் சாய்வான 23½ டிகிரியையும் கழித்தால், ஜூன் கதிர்த்திருப்ப நாளின் (வடக்கே ஆண்டிலேயே பகல் மிக நீண்ட நாள்) நள்ளிரவில் சூரியன் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். முழு இருட்டுக்கு 18 டிகிரி இறங்க வேண்டும். லண்டன் 51½ டிகிரி, விடை 15. அதனால் அங்கே அன்று முழு இருட்டே இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிட்டத்தட்ட 60, விடை ஆறரைதான். இரவு முழுக்க இருட்டாத 'வெண்ணிரவுகள்' என்று படித்தோமே, காரணம் இதுதான். 66½க்கு விடை பூஜ்யம், நள்ளிரவிலும் சூரியன். தெற்கே இதே கணக்கு டிசம்பரில்.

சரி, பலரும் தவறவிடும் இடம் ஒன்று. பகல் நீளம் வேகமாக மாறுவது சம இரவு நாட்களையொட்டி. கதிர்த்திருப்பத்தின்போது அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். அப்புறம், சம இரவு நாளில் பகல் துல்லியமாக 12 மணி நேரம் அல்ல. வளிமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல் விளிம்பை வைத்தே உதயமும் மறைவும் கணக்கிடப்படுவதாலும் நிலநடுக்கோட்டில்கூடச் சுமார் 7 நிமிடம் கூடுதல். கொள்குறி வினாவில் 'சமம்' என்பதையே தேர்ந்தெடுங்கள். விரிவான விடையில் இந்த 7 நிமிடத்தைக் காரணத்தோடு எழுதுங்கள்.