நடுங்கியது நிலம், பழி விழுந்தது டிரான்ஸ்ஃபார்மர் மேல்

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணி 38 நிமிடத்துக்கு ஜோகன்னஸ்பர்க் குலுங்கியபோது, அந்நகரின் தெற்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் நிலநடுக்கம் என்ற எண்ணமே வரவில்லை. இந்த ஊரில் நள்ளிரவில் எது அதிர்ந்தாலும் குற்றம் சாட்ட ஆட்கள் ஏற்கெனவே தயாராக இருப்பதால், பூமியைச் சந்தேகிக்க வேண்டிய அவசியம் எழுவதில்லை.

ஜன்னல்கள் கடகடத்தன; அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின; தெரு நாய்களும் வீட்டு அலாரங்களும் ஒரே நேரத்தில் கச்சேரியைத் தொடங்கின. நிலநடுக்கத்தின்போது வெளியே ஓடுவதா, மேசைக்கு அடியில் பதுங்குவதா என்று வல்லுநர்கள் விவாதிக்கலாம். எங்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. திருட்டுக்குப் பயந்து மரக்கதவுக்கு ஒரு பூட்டு, இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டு, வாசல் கேட்டுக்கு ஒரு பூட்டு என்று வாழ்கிறவர்கள், இருட்டில் சாவிக்கொத்தைத் துழாவி முதல் பூட்டைத் திறப்பதற்குள் நடுக்கம் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

இங்கே ஜூன் குளிர்காலமாதலால் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் கூடினார்கள். எதிர்வீட்டுக்காரர் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்றார். அந்த ஆண்டு மின்வெட்டு தலைவிரித்தாடியதால் அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்ததை மட்டும் ஒருவர் தயக்கத்துடன் சுட்டிக்காட்டினார். மளிகைக் கடைக்காரரோ, கைவிடப்பட்ட சுரங்கங்களில் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டும் ‘சாமா சாமா’க்கள் வைத்த வெடி என்று தீர்ப்பளித்தார். 1886 முதல் தங்கத்துக்காகக் குடையப்பட்டுவரும் பூமி, சுரங்கத்தால் வரும் சிறு அதிர்வுகளும் இங்கே புதிதல்ல என்பதால், அதையும் தள்ளிவிட முடியவில்லை.

தெருவில் தமிழ் பேசுகிற கடைசித் தலைமுறையைச் சேர்ந்த பக்கத்து வீட்டு ஆயா சப்பாத்திக் கட்டையுடன் வந்து நின்றார். கூரையில் திருடன் குதித்துவிட்டானாம்.

“ஆயா, இது பூகம்பமாக இருக்கலாம்” என்றேன்.

“அது ஜப்பான்காரனுக்கு வர்றது, தம்பி. நீ போய்க் கூரையைப் பாரு.”

விடிந்ததும் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள போக்ஸ்பர்க் அருகே 4.4 அளவில் நிலநடுக்கம் என்று தென்னாப்பிரிக்கப் புவி அறிவியல் கழகம் அறிவித்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 5.0 என்றது. எங்கள் தெரு ஒருமனதாக அமெரிக்கக் கணக்கை ஏற்றுக்கொண்டது. உறவினர்களிடம் சொல்லும்போது முழு எண்தானே எடுப்பாக இருக்கும்? 2014 ஆகஸ்டில் ஆர்க்னி சுரங்கப் பகுதியில் 5.5 அளவில் ஏற்பட்டதை அனுபவித்தவர் ஒருவர் மட்டும், பழைய ராணுவ வீரரின் தோரணையில், “இதெல்லாம் ஒரு நடுக்கமா?” என்று உதட்டைப் பிதுக்கினார். டர்பனில் இருக்கும் அவருடைய மைத்துனர், அந்த ஆர்க்னி நடுக்கத்தை டர்பனிலேயே உணர்ந்தவர், தொலைபேசியில் அதை வழிமொழிந்தார்.

ஆயா நண்பகலில் கோயிலுக்குப் போனபோது மனம் மாறியிருந்தார். பூகம்பம்தான், ஆனால் அளவு 7. இந்த அளவுகோலில் எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதால், எங்கள் தெரு ஏற்ற 5.0 என்ற கணக்கையே வைத்தாலும், விடிந்ததிலிருந்து நண்பகலுக்குள் அந்த நிலநடுக்கத்தை அவர் ஏறக்குறைய 1,000 மடங்கு பெரிதாக்கியிருந்தார். திருடனையும் அவர் கைவிடவில்லை. பூமி ஆடியதில்தான் அவன் கால் இடறிக் கூரையிலிருந்து விழுந்து ஓடிப்போனானாம்.