தீத்துவுக்காகக் காத்திருந்த பவுல்

"அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு" என்று எபேசியர் நிருபத்தில் பவுல் எழுதிய வார்த்தைகளை நம் சபைகளில் அடிக்கடி கேட்கிறோம். யாரையாவது கண்டித்துப் பேச வேண்டிய நேரத்தில்தான் பெரும்பாலும் அந்த வசனம் நம் நினைவுக்கு வருகிறது. அதைப் பவுல் தம் ஊழியத்தில் எப்படிக் கடைப்பிடித்தார் என்று அறிய விரும்புகிறவர்கள் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் 2, 7 ஆகிய அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். கடிந்துகொண்ட ஒருவருடைய மனம் அதன்பின் என்ன பாடுபட்டது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பகுதி வேதாகமத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கொரிந்து சபை, பவுல் ஒன்றரை வருடம் தங்கி ஊழியம் செய்து உருவாக்கிய சபை. அவர் அங்கிருந்து போன பிறகு பிரிவினைகளும் ஒழுக்கக்கேடும் தலையெடுத்தன. ஒருவன் செய்த தவறு சபை முழுவதையும் துக்கப்படுத்தியது. மறுபடியும் துக்கத்தோடு அங்கே வரக்கூடாது என்று தீர்மானித்த பவுல், நேரில் போவதற்குப் பதிலாகக் கடுமையான ஒரு கடிதத்தை எழுதினார். "அதிகக் கண்ணீரோடே" எழுதியதாக அவரே சொல்கிறார். அந்தக் கடிதம் இன்று நம் கையில் இல்லை என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் தொட்டது. கொரிந்து சபையார் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தியை, பவுலின் உடன் ஊழியரான தீத்து கொண்டுவர வேண்டியிருந்தது. பவுல் துரோவா பட்டணத்துக்கு வந்தார். அங்கே சுவிசேஷம் சொல்ல வாசல் திறந்திருந்தது. வாசல் திறக்காதா என்று ஏங்கி ஊர் ஊராக அலைந்த மனிதர் அவர். ஆனாலும் தீத்துவைக் காணாததால் மனம் நிலைகொள்ளாமல், அந்த வாய்ப்பையும் விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுப் போனார். அங்கேயும் வெளியே போராட்டம், உள்ளே பயம் என்றுதான் எழுதுகிறார். கடைசியில் தீத்து வந்து, கொரிந்தியர் மனம் வருந்தியதையும் பவுலைக் காண ஏங்குவதையும் சொன்னபோதுதான் அவருக்கு ஆறுதல் கிடைத்தது. அதற்கு முன்பு, அந்தக் கடிதத்தை எழுதியதற்காகவே தாம் வருத்தப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. தாம் எழுதியது உண்மை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அந்த உண்மை அந்த மக்களை என்ன செய்யும் என்ற கவலைதான் அவரை வாட்டியது.

உண்மையைச் சொல்லிவிட்டு, "என் கடமை முடிந்தது, இனி அவர்கள் பாடு" என்று போய்விடுகிறவர்களை நாம் துணிச்சல்காரர்கள் என்று மெச்சுகிறோம். பவுலின் துணிச்சல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. சொல்லப்பட்ட மனிதனைவிட்டு அவரால் மனதளவில் விலகிப்போக முடியவில்லை.

அதனால்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தவறு செய்தவனைச் சபை தண்டித்திருந்தது. "இந்தத் தண்டனையே போதும்" என்கிறார் பவுல். அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனை மன்னித்து ஆறுதல்படுத்துங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார். சபை ஒழுங்கு நடவடிக்கைகளைப் பற்றிப் பேசும்போது, 'போதும்' என்ற அந்தச் சொல்லை நாம் ஏனோ வாசிக்காமலே தாண்டிவிடுகிறோம்.

எங்கள் சபையில், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கைப் பார்த்துவந்த ஒரு அண்ணன், வீட்டில் ஏற்பட்ட பண நெருக்கடியில் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துச் செலவழித்துவிட்டார். கேட்டபோது ஒப்புக்கொண்டார், முழுவதையும் திருப்பிக் கட்டினார். கமிட்டி அவரைச் சில மாதங்களுக்கு, ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். காணிக்கைப் பணத்தில் கை வைத்ததை, 'ஐயோ பாவம்' என்று இரக்கப்பட்டு மூடிமறைத்திருந்தால் அவருக்கும் நன்மை செய்திருக்க மாட்டோம், சபைக்கும் செய்திருக்க மாட்டோம். ஆனால் விலக்கி வைத்த காலம் முடிந்த பிறகும், "இனி வாருங்கள்" என்று அவரை அழைக்க ஒருவரும் இல்லை. திருவிருந்து ஆராதனையில் அவருடைய வரிசையில் இருப்பவர்கள் எழுந்து பீடத்தை நோக்கிப் போகும்போது, அவர் கால்களை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு, பாட்டுப் புத்தகத்தை விரித்துக் குனிந்துகொள்கிறார். அவர் மனைவி மட்டும் போய்விட்டு வருகிறார். கண்டிக்க வேண்டியதைக் கண்டித்த சபை, அதே மனிதனுக்கு ஆறுதல் சொல்லவும் கடமைப்பட்டது என்பதை மறந்துவிட்டது. இது எனக்குப் பெரிய வேதனையாக இருக்கிறது.

அன்பு என்ற பெயரில் எதையுமே சொல்லாமல் விடுவதைப் பவுல் ஆதரிக்கவில்லை. தம் கடிதத்தால் உண்டான துக்கம் மனந்திரும்புதலுக்கு வழிவகுத்ததைக் கண்ட பிறகு, எழுதியதற்காக இப்போது வருந்தவில்லை என்று தெளிவாகவே சொல்கிறார். அவர் பேசாமல் இருந்திருந்தால் கொரிந்தியருக்கு அந்த மனமாற்றம் வாய்த்திருக்காது.

ஒருவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தும் தீர்மானத்தை எழுதும்போதே, அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும், அதுவரை அவரை வீட்டில் போய்ப் பார்த்து ஜெபிக்கப்போகிறவர் யார் என்பதையும், முடிந்ததும் அவரைத் திருவிருந்துக்கு அழைத்துவர வேண்டியவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஆயர் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசலாம் என்றார். அதற்காகக் காத்திராமல், இந்த வாரமே நானும் என் மனைவியும் அந்த அண்ணன் வீட்டுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.