கண்மாய்ச் சேறு வேறு, கடல் மணல் வேறு

புதுவயலில் பிறந்து வளர்ந்தவன் நான். மண் என்றால் எனக்குச் செம்மண், இல்லையென்றால் கண்மாய்க்குள் கிடக்கும் களிமண். கார்த்திகை மழையில் கண்மாய்ப் பாதையில் வண்டி இழுக்க ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பாடம். சக்கரம் வேகமாகச் சுழன்றால் டயர் பட்டன்களுக்கு நடுவில் அப்பிய சேறு தெறித்துப் போகும், அடியில் கெட்டித் தரை அகப்படும், வண்டி உறுமிக்கொண்டு ஏறி வந்துவிடும். எத்தனையோ முறை அப்படி வந்திருக்கிறேன்.

போன மாசிக் கடைசிச் சனிக்கிழமை, தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையில் என் ஜீப் அச்சு வரைக்கும் புதைந்ததற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான்.

லீவில் வந்திருந்த அயித்தானுக்குக் கடலைப் பார்க்க ஆசை. காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போகலாம். விடிகாலையில் கிளம்பினோம். அண்ணன் மகனும் தொற்றிக்கொண்டான். ஆத்தா ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். தொண்டியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போய், சவுக்குத் தோப்புக்கு நடுவே போன மண்பாதையில் திரும்பினேன். மீன் ஏற்றும் டிராக்டர் போன தடம் கடல் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. டிராக்டர் போகிற இடத்தில் ஃபோர் வீல் டிரைவ் போகாதா என்று நினைத்து வண்டியை விட்டேன். டிராக்டரின் பின் டயர் என் இடுப்புக்கு மேலே வரும். அது மிதிக்கிற அகலம் வேறு, என் வண்டி மிதிக்கிற அகலம் வேறு. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தோப்பு முடிகிற இடத்திலேயே நாலு சக்கரத்தையும் இணைத்துவிட்டேன். நூறடி நன்றாகத்தான் போனது. அப்புறம் வெயிலில் காய்ந்த வெள்ளை மணல். ஸ்டீயரிங் கையில் லேசானது, இன்ஜின் சத்தம் கனத்தது, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல வேகம் குறைந்தது. அந்த நொடியில் காலை எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருக்கலாம். நான் மிதித்தேன். மூச்சு விடுகிற நேரத்துக்குள் பின்பக்கம் ஒரு முழம் இறங்கிவிட்டது. சேற்றுக்கு அடியில் தரை உண்டு. அந்த மணலுக்கு அடியில் இருந்தது மேலும் மணல்தான். சுற்றச் சுற்றச் சக்கரம் தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்கிறது.

இறங்கிப் பார்த்தோம். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை மணலில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் மகனைத் தள்ளி நிற்கச் சொல்லி ஒரு தடவை லேசாக மிதித்தபோது, முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்மூலைச் சக்கரமும் மட்டும் சுற்றின, மற்ற இரண்டும் சும்மா நின்றன. நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் என்பது முழு உண்மை இல்லை. என் ஜீப் மாதிரி, அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக் இல்லாத வண்டியில், ஒரு அச்சில் எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அது வீணாகச் சுற்றும், பிடிமானம் உள்ளது அப்படியே நிற்கும்.

ஜாக்கி போட்டோம். வண்டி ஏறவில்லை, ஜாக்கி மணலுக்குள் இறங்கியது. மணி எட்டரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

வலை சரி செய்துகொண்டிருந்த நாலைந்து பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். ஒருவர் நைலான் கயிறு எடுத்து வந்தார், பம்பரில் கட்டி எல்லோரும் சேர்ந்து இழுக்கலாம் என்றார். அவர்களோடு வந்த ஒரு பாய், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையை நீட்டித் தடுத்தார்.

"கயிறு வேணாம். பம்பர் பிச்சுக்கிட்டு வந்தா யாரு மேல அடிக்கும்னு தெரியாது. இழுக்கிறதுன்னா சேஸிஸ்ல கொக்கி இருக்கும், அதுலதான் கட்டணும். மொதல்ல காத்த எறக்குங்க தம்பி."

"எவ்வளவு பாய்?"

"எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"முப்பது."

"பாதிக்கு வாங்க."

சௌதியில் பதினாலு வருடம் வண்டி ஓட்டியவராம். பாலைவனத்துக்குள் போவதற்கு முன் அங்கே முதலில் காற்றைத்தான் குறைப்பார்கள் என்றார். நம்ம ஊரில் டயரில் காற்று குறைந்தால் குற்றம் என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை டன் எடை, நாலு டயர், முப்பது பவுண்டு காற்று என்றால் ஒவ்வொரு டயரும் மண்ணைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு விரித்த கை அளவுதான். பதினைந்தாகக் குறைத்தால் கிட்டத்தட்ட இரண்டு கை அளவு. டயர் பக்கவாட்டில் உப்புவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் உண்மையில் அது நீளவாக்கில்தான் அதிகம் படுக்கிறது. அதே எடை, இரண்டு மடங்கு இடம். மணல் தாங்கிக்கொள்கிறது.

சாவி முனையால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் காற்றை இறக்கினோம். உஸ்ஸென்று அது போகிற சத்தம் முடியவே முடியாது போலிருந்தது. பாய் அடிக்கொரு தரம் டயரைக் கையால் அமுக்கிப் பார்த்துச் சொன்னார். நான் முன்பக்கம் தண்ணீர் ஓரத்தைக் காட்டி, ஈர மணல் கெட்டியாக இருக்குமே, அப்படிப் போய்த் திரும்பலாமா என்று கேட்டேன். அவர் ஒரு குச்சியை எடுத்துப்போய் அங்கே ஊன்றினார். மேலே நாலு விரல் மணல், அதன் கீழே கறுப்புச் சகதி. இந்தக் கடல் அலை அடங்கிய கடல். ராமேஸ்வரம் பக்கம் இதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அடித்துக் கழுவ அலை இல்லாததால் அந்தக் கரையில் கடற்புல் சருகும் வண்டலும் அப்படியே தங்கிவிடுகின்றன. அங்கே இறக்கியிருந்தால் டிராக்டர் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

"வந்த தடத்துலயே பின்னாடி போகணும். அது ஏற்கெனவே அமுங்கின மண்ணு."

சரி, தோண்ட ஆரம்பித்தோம். மண்வெட்டி ஒன்றுதான், மீதிப் பேருக்குக் கையும் சாப்பாட்டுத் தட்டும்தான். முதலில் டிஃபரன்ஷியலுக்கு அடியில் இருந்த மணலை எடுத்து அந்த உருண்டையை விடுவித்தோம். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் சரிவாக ஒரு வாய்க்கால். படகுப் பலகை ஒன்றை ஜாக்கிக்கு அடியில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, டயருக்குக் கீழே பழைய கிடுகை மடித்துச் செருகினார்கள். ஒரு குடிசையின் பின்பக்கத்திலிருந்து உருவிக்கொண்டு வந்த கிடுகு அது. இதெல்லாம் முடிய ஒன்றேகால் மணி நேரம்.

லோ கியரில் ரிவர்ஸ். "சக்கரம் சுத்துற சத்தம் கேட்டா அந்த நிமிஷமே விட்டுருங்க" என்று பாய் ஜன்னலருகில் நின்று சொன்னார். கிளட்சை விட்டேன், ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமல் வைத்திருந்தேன். வண்டி ஒரு ஜாண் நகர்ந்து நின்றது. மறுபடி மணலை ஒதுக்கினோம். மூன்றாவது தடவை, கிடுகு நொறுங்குகிற சத்தத்தோடு, நடக்கிற வேகத்தில் பின்னால் போக ஆரம்பித்தது. தோப்பு நிழல் வரும் வரைக்கும் நான் நிறுத்தவே இல்லை. அயித்தான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பணம் கொடுக்கப் போனேன். யாரும் வாங்கவில்லை. பாய் மட்டும் ஒன்று கேட்டார்: "குழிய மூடிட்டுப் போங்க தம்பி. ராத்திரி இருட்டுல பெட்டி தூக்கிக்கிட்டு வர்றவங்க கால உட்ருவாங்க." எனக்கு அது உறைத்தது. அந்தக் கரை எனக்குச் சுற்றிப் பார்க்கிற இடம், அவர்களுக்கு அது வேலை செய்கிற இடம். அரை மணி நேரம் நின்று நாலு குழியையும் மூடி மிதித்துச் சமப்படுத்தினோம். ஆத்தா கொடுத்த புளிச்சோற்றை எல்லோரும் தோப்பில் உட்கார்ந்து பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

காற்று குறைந்த டயரோடு தொண்டி பெட்ரோல் பங்க் வரைக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வந்தேன். அந்த நிலையில் சடாரென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் போர் தண்ணீரில் அடிப்பாகம் முழுவதையும் இரண்டு முறை கழுவினேன். உப்பு மணலை அப்படியே விட்டால் பிரேக் டிரம்மில் துரு பிடித்துவிடும்.

இப்போது வண்டியில் காற்று பார்க்கிற கேஜ், பன்னிரண்டு வோல்ட் பம்ப், மண்வெட்டி, ஒரு முழ அகலப் பலகை நான்கும் இருக்கின்றன. பங்குனியில் ஆத்தா சுட்ட சீப்புச் சீடையும் மாவுருண்டையும் ஒரு டின் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஜீப்பைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, சவுக்குத் தோப்புக்குள் நடந்தேன். பாய் கடலுக்குப் போயிருந்தார். கிடுகு கொடுத்த வீட்டு அம்மாவிடம் டின்னைக் கொடுத்தேன். அவர்கள் உள்ளே போய் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டு வந்து கையில் வைத்தார்கள்.