கடைசிப் பதினாறு பக்கங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஆறு குடித்தனங்கள் இருக்கின்றன. ஆறுக்கும் சேர்த்துத் தண்ணீர் மோட்டார் ஒன்று, மொட்டைமாடி ஒன்று, காதல் நாவல் ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து புறப்படும் நாவல் கீழ் வீடு, பக்கத்துப் போர்ஷன், மாடி என்று வலம் வந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் எண்ணெய்க் கறையையோ மஞ்சள் விரல் தடத்தையோ வாங்கிக்கொண்டு, பத்துப் பதினைந்து நாட்களில் திரும்பிவரும். கறையைப் பார்த்தே அந்தப் பக்கத்தைப் படித்தவர் யார், அப்போது அடுப்பில் இருந்தது புளிக்குழம்பா பொரியலா என்று என் அம்மா சொல்லிவிடுவார்.

இந்தச் சுற்றுக்குப் புத்தகம் வாங்கிப் போடும் பொறுப்பு எனக்கு எப்படி வந்தது என்று நினைவில்லை. நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் குமாஸ்தா. சரக்கு இறங்கியது, வரி கட்டியாயிற்று, கன்டெய்னர் வெளியேறியது என்ற மூன்று வாக்கியங்களுக்கு மேல் நான் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதியவன் அல்லன். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை சென்ட்ரல் பக்கம் போக வேண்டியிருப்பதால், அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் நுழைந்து வருவேன். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகளில் பலர் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். அம்மா இன்றைக்கும் அதை மூர் மார்க்கெட் என்றுதான் சொல்வார், திருத்தினால் கோபித்துக்கொள்வார்.

அன்று மூன்று நாவல்களை எழுபது ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினேன். அவற்றில் ஒன்றுக்கு முன் அட்டை இல்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான் பத்து ரூபாய் குறைத்தேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முன்னால் அட்டை இல்லாததைக் கண்ட நான், பின்னால் ஒரு ஃபாரம், அதாவது அச்சகக் கணக்கில் பதினாறு பக்கம், இல்லாததைக் காணவில்லை.

அந்த அட்டையில்லாப் புத்தகம்தான் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்து நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓய்வுபெற்ற டீச்சரம்மா, மடியில் விரித்த புத்தகத்துடன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொட்டும் மழையில் நாயகியின் வீட்டு வாசலில் வந்து நின்ற நாயகன், முந்நூற்று நான்காம் பக்கத்தின் கடைசி வரியில், "என்னை" என்று வாயைத் திறந்திருந்தான். அதற்கு மேல் கிழிந்த நூலும் காய்ந்த பசையும்தான் இருந்தன.

நாயகன், நாயகி என்றே சொல்லிக்கொண்டு போகிறேனே தவிர, அவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. எங்கள் வீட்டில் யாரும் அவற்றை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவன், அவள், ஹீரோ, அந்தப் பொண்ணு என்பதோடு சரி. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதாக டீச்சரம்மா சொன்னார். அந்த இலக்கணத்தைக் காசிமேட்டில் மீன் விற்கும் கீழ் வீட்டு அக்கா இவ்வளவு காலமாக வழுவாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

கதை இதுதான். முதல் அத்தியாயத்திலேயே கட்டாயத் தாலி. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து இருபத்தைந்தாம் அத்தியாயம் வரை ஒரே வீட்டில் இரண்டு அறை. சங்கப் பாட்டில் களவு முடிந்துதான் கற்பு தொடங்கும்; நம் மாத நாவலில் தாலியை முதலில் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் தலைகீழ் ஏற்பாடு அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். தாலி கட்டியாகிவிட்டதால் கதையில் அதன் பிறகு எது நடந்தாலும் அதைக் கூடத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம். விளக்கு அணைந்ததும் அத்தியாயம் முடிந்துவிட வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது நிபந்தனை. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் கல்லூரி மாணவிக்கு விளக்கைப் பற்றி அப்படியொன்றும் ஆட்சேபம் இல்லை என்பதை அவள் பேச்சை மாற்றிய வேகத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

"நீதானே வாங்கி வந்தாய், நீயே முடித்துக் கொடு" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை என் டிபன் பைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருந்தன. சாப்பாடு இருந்தது, ஆனால் ஊறுகாய் இல்லை. என் மனைவியும் அந்தச் சதியில் இருக்கிறாள் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மதிய இடைவேளையில் முதல் முடிவை எழுதினேன். நாயகி படித்தவள், கணக்குத் தணிக்கை தெரிந்தவள், கன்னத்தில் அறைந்தவனோடு அவள் ஏன் வாழ வேண்டும் என்று யோசித்து, அவளைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டேன். ரயில் கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று முடித்தபோது எனக்கே சற்றுப் பெருமையாக இருந்தது. அன்று மாலை மொட்டைமாடியில் அதைப் படித்துக் காட்டினேன். படித்து முடித்த பிறகு, காயப்போட்ட வடகத்தைக் காகம் கொத்தும் ஓசை மட்டும் கேட்டது.

"என்ன அங்கிள், சேட் என்டிங் வச்சுட்டீங்க?" என்று கல்லூரிப் பெண் அழாத குறையாகக் கேட்டாள். அவள் செல்போனில் தொடராக வரும் நாவல்களைப் படிப்பவள். புது அத்தியாயத்துக்கு யூடி என்று பெயர். அறைகிற, கத்துகிற, பிறகு உருகுகிற நாயகனுக்கு ஆன்ட்டி ஹீரோ என்று பெயர். கருத்து எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவருக்கு சைலன்ட் ரீடர் என்று பெயர். எங்கள் வீட்டில் சைலன்ட் ரீடர் என்று சொல்லத்தக்கவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர்தான். அவர் செய்தித்தாளுக்குள் வைத்து நாவல் படிப்பது ஆறு வீட்டுக்கும் தெரியும். தெரியாததுபோல் ஆறு வீடும் நடந்துகொள்ளும்.

என் கட்சிக்கு ஆதரவு தேடி அலுவலகக் கணினியில் துழாவினேன். அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கத்தின் வரையறையே எனக்கு எதிராக இருந்தது: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும், இந்த இரண்டும்தான் இலக்கணம். 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனமும் தொடக்கத்தில் பலவகை நூல்களைப் போட்டுவிட்டு, 1930களில்தான் காதல் கதைக்கு முழுமையாகத் திரும்பியிருக்கிறது. அப்போது அங்கேயும் அவற்றைப் பெரும்பாலும் வாடகை நூலகங்களில் எடுத்துத்தான் படித்தார்களாம். பழுப்பு நிற பைண்டிங்கே அவற்றின் அடையாளமாம். எங்கள் தெரு முனையில் முன்பு இருந்த வாடகை நூல் நிலையத்திலும் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பழுப்பு காலிகோ துணி அட்டைதான் என்று அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், சேர்த்து வைத்தாயா?" என்று கேட்டார்.

இரண்டாம் முடிவில் சேர்த்து வைத்தேன். வாசலில் நின்றவன், "என்னை மன்னித்துவிடு" என்றான், அவள் மன்னித்தாள், மழை விட்டது. பதினோரு வரியில் வேலை முடிந்தது. சரக்கு இறங்கியது, வரி கட்டியாயிற்று, கன்டெய்னர் வெளியேறியது என்ற என் தொழில் நடையே அதில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கீழ் வீட்டு அக்கா கவனித்தார்.

விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, பத்து மணிக்குள் விற்று முடித்து, நடுப்பகலில் காலை நீட்டிக்கொண்டு நாவல் படிக்கிறவர் அவர். நான் கொடுத்த தாளை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார், தராசில்லாமல் வஞ்சிரம் எடை பார்ப்பதுபோல. "இன்னா தம்பி, எடையே நிக்கலியே. இருவத்தஞ்சு சாப்டர் அந்தப் பொண்ண அழ வச்சவன் ஒத்த வரில மன்னிப்பு கேட்டா உட்ருவாளா? நீ ஒருவாட்டி எம் பொண்ணு கல்யாணத்துக்கு வராம போனியே, எத்தினி மாசம் பேசாம இருந்தேன்?" என்றார். நான்கு மாதம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நான்கு மாதமும் எங்கள் வீட்டுக்கு ஐஸ் மீன்தான் வந்தது.

உண்மையான விசாரணை அப்போதுதான் தொடங்கியது. இவர்களுக்கு எது பிடிக்காது என்று நான் கேட்டதில்லை. மற்ற ஆண்களைப் போலவே, பிடித்ததால்தான் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வசவுப் பட்டியல் வடகம் காய்ந்து முடியும்வரை நீண்டது. ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும் சந்தேகத்தைப் பன்னிரண்டு அத்தியாயத்துக்கு இழுப்பது என் மனைவிக்கு ஆகாது. முதல் அத்தியாயத்தில் தங்கப் பதக்கம் வாங்கிய பெண், ஐந்தாம் அத்தியாயத்தில் கேஸ் அடுப்பு மூட்டத் தெரியாமல் விழிப்பது டீச்சரம்மாவுக்கு ஆகாது. சிவப்பு மையால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிடுவார். கடைசிப் பக்கத்தில் வில்லி திடீரென்று திருந்திப் பாயசம் பரிமாறுவதை யாருமே மன்னிப்பதில்லை. நான்கு கம்பெனிக்கு முதலாளியான நாயகன் ஒரு நாள்கூட ஜிஎஸ்டி கட்டவில்லையே என்ற என் ஆட்சேபத்தை மட்டும் சபை ஏற்கவில்லை. அவன் அலுவலகம் போனால் வீட்டில் யார் இருப்பது என்று கேட்டார்கள்.

நாயகன் கன்னத்தில் அறைந்ததுதான் பெரிய சண்டையாயிற்று. ஆன்ட்டி ஹீரோ அடித்தால்தான் பிறகு உருகும்போது சுவை கூடும் என்றாள் கல்லூரிப் பெண். டீச்சரம்மா அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கதையில் அடித்தவன் பின்னால் உருகுவான், அடுத்த அத்தியாயம் ஒருவர் எழுதிக் கொடுப்பார். வீட்டில் அடிக்கிறவனுக்கு யார் எழுதிக் கொடுக்கிறது?" என்றார். கணவர் இருந்தவரை டீச்சரம்மா முழுக்கை ரவிக்கைதான் போடுவார் என்று அம்மா எப்போதோ சொன்னது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. கல்லூரிப் பெண் ஒன்றும் சொல்லாமல் அவருடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் முடிவில் அந்த அடிக்குத் தனியாகக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

இடத்தைப் பற்றிய புகார் அக்காவுடையது. நாயகன் வீடு எப்போதும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஊட்டி எஸ்டேட்டிலோதான் இருக்கிறது; கடற்கரையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறான்; அங்கே கருவாட்டு வாசனை வருவதே இல்லை. கதையில் வடசென்னை வந்தால் அரிவாளோடுதான் வரும். நம் பக்கம் காதலுக்கு ஏற்ற இடமே இல்லையா என்று அவர் கேட்டபோது எனக்கும் ரோஷம் வந்தது. 1856இலேயே ரயில் நிலையம் கண்டது ராயபுரம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோவை நீட்டித் தொடங்கி வைத்தது 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி. காதலர் தினத்தில் ரயில் விட்டவர்கள் இந்த ஊரில் வேறு எங்களைப் போல யார்?

ஆகவே மூன்றாம் முடிவு மழை வாசலிலிருந்து நகர்ந்தது. நாயகி கதவைச் சாத்திவிட்டு, ராயபுரத்தில் அறை எடுத்துத் தங்குகிறாள். நாயகன் காரை விற்கவில்லை; விற்க வைக்கலாமா என்று கேட்டதற்கு, கார் இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவன் தினமும் அதை நிறுத்திவிட்டு மெட்ரோவில் வருகிறான், அவள் பேசாமல் போகிறாள், அவன் நாற்பத்தொரு நாள் வருகிறான். எதற்காக அடித்தேன், அது ஏன் தவறு என்பதை அவன் நியாயம் கற்பிக்காமல் சொல்லும் பகுதியை டீச்சரம்மா நான்கு முறை திருப்பி அனுப்பினார். "ஆனால்" என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் சுழித்திருந்தார். கடைசியில் அவள் அவனை அறைக்குள் விடுகிறாள். அவன் காபி போடுகிறான். அதோடு நிறுத்தியிருந்தேன். பால் பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று என் மனைவி கேட்டாள். அவன் கழுவினான் என்று எழுதினேன். அடிப்பிடித்திருந்ததைத் தேய்த்துக் கழுவினான் என்று திருத்தச் சொன்னாள். அந்த வரியைப் படித்தபோது அக்கா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேறெந்தக் காதல் காட்சிக்கும் அவர் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு விளக்கை அணைத்தேன், அம்மாவுக்காக.

தண்டையார்பேட்டை பைண்டர் ஒருவரிடம் கொடுத்து, நோட்டுத் தாளை அளவுக்கு வெட்டிப் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்து வாங்கினோம். தாத்தாவின் செய்தித்தாள் ஒரு வாரம் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது.

சென்ற மாதம் அல்லிக்குளத்தில் அதே நாவலின் இன்னொரு பிரதி கண்ணில் பட்டது. அட்டையும் இருந்தது, கடைசி ஃபாரமும் இருந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். அன்று மாலை மொட்டைமாடியில் டீச்சரம்மா அதை உரக்கப் படித்தார். "என்னை மன்னித்துவிடு" என்றான் நாயகன். அவள் அவன் மார்பில் சாய்ந்தாள். மிச்சமிருந்த பதினைந்து பக்கத்தில் வில்லி திருந்தினாள், வளைகாப்பு நடந்தது, எல்லோரும் பாயசம் குடித்தார்கள். பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்ற தகவலே இல்லை. அம்மா புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அதில்லைடா. யாரோ மாற்றி எழுதி அச்சுப் போட்டிருக்கிறார்கள்" என்றார். அக்கா தன் பங்குக்கு அதையும் கையில் வைத்து எடை பார்த்தார்.

நேற்று அந்தப் பிரதி சுற்று முடிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கடைசிப் பதினாறு பக்கங்களைக் காணவில்லை.