மேனுவல் கியர் கன்வெர்டிபிளை நான்கு சக்கரத்திலும் உருளவிட்டு இழுப்பது

வீடு போல வசதிகள் கொண்ட பெரிய வண்டியான மோட்டார்ஹோமில் நீண்ட பயணம் போகிறவர்கள் பின்னால் ஒரு சிறிய காரையும் கட்டி இழுத்துச் செல்வதை அமெரிக்காவிலும் கனடாவிலும் எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். பெரிய வண்டியை முகாமில் நிறுத்திவிட்ட பிறகு கடைக்குப் போகவும் மலைப்பாதைகளைச் சுற்றி வரவும் அந்தச் சிறிய கார்தான் உதவும். அது கூரை மடங்கும் கன்வெர்டிபிளாக, அதுவும் கையால் கியர் மாற்றும் வண்டியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் விவாதத்துக்கு அப்பாற்பட்ட முடிவு. ஆனால் டிரெய்லர் இல்லாமல், நான்கு சக்கரங்களும் தரையில் உருள, இரு வண்டிகளையும் இணைக்கும் டோ பாரில் மாட்டி அதை இழுக்க முடியுமா என்று கேட்டால், ‘மேனுவல்தானே, நியூட்ரலில் போட்டு இழுக்க வேண்டியதுதான்’ என்ற பதில் எல்லாரிடமிருந்தும் யோசிக்காமலே வந்துவிடுகிறது. அது பாதிதான் உண்மை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைச் சுழலவிடும் பம்பை எஞ்சின்தான் இயக்குகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரங்கள் உள்பாகங்களைச் சுழற்றினால் அவை எண்ணெயின்றித் தேய்ந்துபோகும் என்பதால்தான் அவற்றில் பலவற்றை இப்படி இழுக்கக் கூடாது என்கிறார்கள். மேனுவல் கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் பம்பே கிடையாது. அடியில் தேங்கிய எண்ணெயில் முங்கிச் சுழலும் பற்சக்கரங்களே அதை மேலே வாரி இறைக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எஞ்சின் நின்று, கியர் நியூட்ரலில் இருக்கையில் எந்தப் பற்சக்கரம் சுழல்கிறது என்பதுதான். வழக்கமான பின்சக்கர இயக்க அமைப்பில் எண்ணெயில் முங்கியிருப்பது கவுன்டர் ஷாஃப்ட் என்னும் துணைத் தண்டு. அதைச் சுழற்றுவது எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட். எஞ்சின் நின்றால் இரண்டும் நின்றுவிடும். பின்சக்கரங்களோடு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக இணைந்திருக்கும் அவுட்புட் ஷாஃப்ட் மட்டும், அசையாமல் நிற்கும் பற்சக்கரங்களின் நடுவே, நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காகச் சுழன்றுகொண்டிருக்கும். அங்குள்ள பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர வழியில்லை.

முன்சக்கர இயக்கக் கார்களில், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸின் கூட்டுக்குள்ளேயே இருப்பதால், சக்கரம் உருண்டாலே அதன் பெரிய பற்சக்கரம் எண்ணெயைக் கலக்கி எறிகிறது. ஃபியட் 500 மேனுவல் போன்ற சிறிய கார்கள் மோட்டார்ஹோம்காரர்களிடம் பெயர் வாங்கியதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம். கூரையைக் கழற்றக்கூடிய ஜீப் ராங்க்ளரின் கதை வேறு: அதில், முன் பின் சக்கரங்களுக்கு இயக்கத்தைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கியர்பாக்ஸையே சக்கரங்களிலிருந்து பிரித்துவிடலாம். நம் ஆசையைத் தூண்டுகிற தாழ்ந்த இருவர் கன்வெர்டிபிள்களோ பெரும்பாலும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. வேடிக்கை என்னவென்றால், முன்சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும் டாலியை வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது; பின்சக்கரங்கள் தரையில்தான் உருளும், அவுட்புட் ஷாஃப்ட்டும் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

எனவே முடிவைச் சொல்லும் அதிகாரம் அந்த ஆண்டு, அந்த மாடலுக்குரிய உரிமையாளர் கையேட்டுக்கு மட்டுமே உண்டு. ஒரே பெயருள்ள காரில்கூடக் கியர்பாக்ஸ் மாறிய ஆண்டில் அனுமதி மாறலாம். சில கையேடுகள் வேக வரம்போடு அனுமதிக்கும். சில, இவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை எஞ்சினை ஓடவிடச் சொல்லும். நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் எஞ்சின் ஓடினால் கவுன்டர் ஷாஃப்ட் சுழன்று எண்ணெயை இறைக்கும் என்பதே அதன் பொருள். கையேடு கூடாது என்றால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிரிக்கும் சாதனத்தைப் பொருத்த வேண்டும், அல்லது காரை டிரெய்லரில் ஏற்ற வேண்டும். ‘நான் பல வருடமாக இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்னும் சாட்சியத்தை நான் பொருட்படுத்துவதில்லை. பேரிங் தேய்வது வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் ஆகலாம்.

அனுமதி உள்ள காரிலும் பெரிய ஆபத்து, மேனுவல் ஓட்டுகிறவர்களின் நல்ல பழக்கம் ஒன்றிலிருந்தே வருகிறது. நிறுத்தும்போது முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். சிறிய காரில் முதல் கியர், எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வோர் 1,000 சுற்றுக்கும் மணிக்கு ஏறக்குறைய 5 மைல் வேகம் தரும். அப்படியே இழுத்துக்கொண்டு 60 மைல் வேகத்துக்குப் போனால் எஞ்சின் 12,000 சுற்றுக்குத் தள்ளப்பட வேண்டும். அதற்கு வெகு முன்பே வால்வுகளும் பிஸ்டன்களும் சிதைந்துவிடும். முன்னால் இருப்பவருக்கு இது தெரியவும் செய்யாது. ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க மறந்து டிரம் புகைந்தாலும், பின்னால் ஒரு டயர் காற்றிழந்து கிழிந்தாலும், பத்து டன் வண்டியின் ஸ்டீயரிங்கில் ஓர் அதிர்வும் வராது. அதனால் டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சாரும் பின்புறக் கேமராவும் என் கணக்கில் ஆடம்பரம் அல்ல. மாட்டி முடித்தபின் சில அடிகள் மெதுவாக நகர்த்தி, நான்கு சக்கரமும் தடையின்றி உருள்கின்றனவா, முன்சக்கரங்கள் திருப்பத்தில் தாமாகத் திரும்புகின்றனவா என்று ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டிருந்தால்தான் அவை திரும்பும். அதற்காகச் சாவியைத் திருப்பி வைத்தால் பல கார்களில் பேட்டரி வடியும் என்பதால், மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் ஒயர் இழுப்பது நல்லது.

தாழ்ந்த கார் என்பதால் டோ பாரின் சாய்வையும் கவனிக்க வேண்டும். அது தரைக்கு ஏறக்குறைய இணையாக, 3 அல்லது 4 அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. மோட்டார்ஹோமின் ஹிட்ச், அதாவது டோ பார் மாட்டும் இணைப்பு, உயரத்தில் இருப்பதால், இறக்கிப் பொருத்தும் டிராப் ரிசீவர் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் காரில் இது அமையாது. சாய்வு அதிகமானால் பிரேக் போடும்போது கார் பெரிய வண்டியின் பின்பக்கத்துக்கு அடியில் நுழையப் பார்க்கும்.

எடையில் கன்வெர்டிபிள் சாதகமானது. இருவர் கார்கள் பல 2,500 பவுண்டை ஒட்டியே நிற்கும். இருந்தாலும் ஹிட்சில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மொத்தம் 22,000 பவுண்டு எடைக்குத் தகுதியுள்ள ஃபோர்டு எஃப்-53 என்னும் மோட்டார்ஹோம் சேஸிஸில், வண்டியும் இழுவையும் சேர்ந்த வரம்பு 26,000 பவுண்டு. வண்டி முழுச் சுமையோடு இருந்தால், ஹிட்ச் 5,000 என்று சொன்னாலும் மிச்சம் 4,000 மட்டுமே. காருக்குத் தனியான துணை பிரேக் கட்டாயமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சட்டம் கேட்காத இடத்திலும் அதைப் பொருத்தியே தீர வேண்டும் என்பது என் கருத்து. மோட்டார்ஹோமின் பிரேக், அதன் சொந்த எடையை நிறுத்துவதற்காக அளவிடப்பட்டது.

துணிக் கூரையை எப்போதும் மூடியே இழுக்க வேண்டும். பெரிய வண்டியின் பின்னால் உருவாகும் காற்றுச் சுழல், சாலைத் தூசியையும் புகையையும் திறந்த காருக்குள் உறிஞ்சிக் கொட்டும். பின்டயர்கள் எறியும் கற்கள் கூரையைவிட பானெட்டையும் கண்ணாடியையும் பதம் பார்ப்பதால், நடுவே ஒரு தடுப்புத் திரை தேவைப்படுகிறது.

கடைசியாக, டோ பாரில் கார் மாட்டியிருக்கும்போது பின்னோக்கி நகரவே கூடாது. முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுதும் திரும்பிக்கொள்ள, டோ பாரோ, அதைக் காரோடு இணைக்கும் அடித்தகடோ வளையும். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையுமுன் வெளியேறும் வழி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் காரைக் கழற்றி, தனியே ஓட்டி, மறுபடி சமதரையில் மாட்ட வேண்டியிருக்கும். மாட்டும்போது கியரும் ஹேண்ட்பிரேக்கும் மறுபடியும் சரிபார்க்கப்பட வேண்டும்.