எங்கள் காலத்தில் வராத டிராம்

மகளின் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் எடின்பரோ என்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அந்தத் தலைநகரைப் போய்ப் பார்க்க அவளுக்கு விசா வேண்டும். நாங்கள் அங்கே வேலை விசாவில் இருந்தபோது பிறந்தவள், அதனால் குடியுரிமை கிடையாது. அது தெரிந்ததுதான். என்னைச் சிரிக்க வைத்தது படிவத்தில் இருந்த வேறொரு கேள்வி: கடந்த பத்து ஆண்டுகளில் பிரிட்டனுக்குப் போயிருக்கிறீர்களா? நாங்கள் அங்கே குடியிருந்தது 2008 முதல் 2013 வரை. படிவம் நிரப்பியது 2024இல். ஆக, 'இல்லை'. தலைக்கு 115 பவுண்ட் கட்டி, சென்னைக்குப் போய் நான்கு பேரும் கைரேகை வைத்துவிட்டுத் திருச்சி திரும்பினோம்.

அம்மாவுக்குக் கோபம். "பத்தாவது படிக்கிற பிள்ளைய அரையாண்டு லீவுல குளிர்ல கொண்டு போய் நிறுத்தப் போறியாக்கும்?" என்றாள். அவளைச் சமாதானப்படுத்த மகள் அறிவியல் புத்தகத்தைப் பெட்டியில் வைத்தாள். அது பெட்டியை விட்டு வெளியே வந்ததா என்று அம்மா கேட்காதவரை நல்லது.

எடின்பரோ என்றால் எல்லோருக்கும் மலைமேல் இருக்கும் கோட்டைதான். நாங்கள் இருந்தது கோட்டை தெரியாத பக்கம். நகரின் நடுவிலிருந்து துறைமுகத்தை நோக்கி நீளமாக இறங்கும் சாலை ஒன்று உண்டு, லீத் வாக் என்று பெயர். அதை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில், பழைய கல் கட்டடத்தின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அந்தத் துறைமுகப் பகுதியான லீத் 1920 வரை தனி ஊர். வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாக வேண்டாம் என்று சொன்ன பிறகும் எடின்பரோவோடு சேர்த்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்தும் அதைச் சொல்லிக்காட்டும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். போலந்துக் கடை, இத்தாலியக் கடை, பஞ்சாபி மளிகை எல்லாம் ஒரே வரிசையில். கறிவேப்பிலை வெள்ளிக்கிழமை வரும், சனிக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துவிடும். இந்துக் கோயிலும் லீத்திலேயே ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு அங்கேதான் போவோம்.

ஆனால் அந்தச் சாலையை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளம்.

நாங்கள் போய் இறங்கியபோதே தோண்டிப் போட்டிருந்தார்கள். டிராம் வரப்போகிறதாம், அதற்காகத் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், கேபிள் எல்லாவற்றையும் தள்ளிப் போடுகிறார்களாம். சரி, நல்லதுதானே என்று நினைத்தோம். ஒரு பக்கம் மூடுவார்கள், அடுத்த மாதம் அதே இடத்தை மறுபடி திறப்பார்கள். நேற்று சாலையைக் கடந்த இடத்தில் இன்று வேலி நிற்கும். 2009இல் நகரின் முக்கிய வீதியான பிரின்சஸ் தெருவையே மாதக்கணக்கில் மூடினார்கள். அப்புறம் ஒப்பந்தக்காரர்களோடு தகராறு, பணம் போதவில்லை, வேலை நின்றது. கடைசியில் 2011இல், டிராம் நகரின் நடுவோடு நின்றுவிடும், லீத் பக்கம் வராது என்று முடிவு செய்தார்கள். அதாவது எங்கள் வாசலில் தோண்டியது தோண்டியதுதான். நாங்கள் 2013இல் ஊரைக் காலி செய்தபோது ஒரு டிராம்கூட ஓடவில்லை. 2014 மே 31 அன்று விமான நிலையத்திலிருந்து நகர்வரை ஓட ஆரம்பித்தது. செலவு 776 மில்லியன் பவுண்ட். போட்ட திட்டத்தின் முழுத் தூரமும் இல்லை, பணம் மட்டும் திட்டத்தை விட மிக அதிகம்.

லீத் வாக் வழியாக நியூஹேவன் வரை டிராம் வந்தது 2023 ஜூன் 7 அன்று. முதல் கட்டத்தில் என்ன கோளாறு நடந்தது என்று விசாரிக்க 2014இல் ஒரு விசாரணை அமைத்தார்களே, அதன் அறிக்கை வெளிவந்தது 2023 செப்டம்பரில்! ஏன் தாமதமானது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குள் மீதிப் பாதையையே போட்டு ஓட்டிவிட்டார்கள்.

எங்களிடம் ஒரு போட்டோ இருக்கிறது. 2010 வசந்தத்தில், வந்து சேர்ந்த முதல் டிராமைப் பொதுமக்கள் பார்க்கட்டும் என்று பிரின்சஸ் தெருவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்கலாம். கைக்குழந்தையாக இருந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கும் போகாத டிராமில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அங்கே குடியிருந்தவரை நாங்கள் டிராம் ஏறியது அந்த ஒரு முறைதான்.

டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயில் ஓடாது. அதனால் லண்டனிலிருந்து 27ஆம் தேதிதான் கிளம்ப முடிந்தது. வேவர்லி நிலையத்தில் இறங்கும்போது மணி நான்கு தாண்டவில்லை, இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வாரத்தில் சூரியன் மூன்றே முக்கால் வாக்கில் போய்விடும். மகன் வெளியே வந்ததும் வானத்தைப் பார்த்தான். "பனி எங்கம்மா?" இவன் திருச்சியில் பிறந்தவன். எங்கள் எடின்பரோ கதைகள் எதிலும் அவன் கிடையாது, அது அவனுக்குப் பெரிய குறை. 2010 பனியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்.

அந்தப் பனி வேறு. நவம்பர் கடைசியில் தொடங்கி வாரக்கணக்கில் கொட்டியது. கிளாஸ்கோ போகும் நெடுஞ்சாலையில் மக்கள் ராத்திரி முழுக்கக் காருக்குள் மாட்டிக்கொண்டார்கள், அதற்காகப் போக்குவரத்து அமைச்சர் பதவி விலகினார். எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றது. பாய்லரிலிருந்து சொட்டும் தண்ணீரை வெளியே விடும் சின்னக் குழாய் சுவரின் வெளிப்பக்கம் போகும், அது உறைந்துவிட்டால் பாய்லர் தானாக அணைந்துவிடும். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, கீழ்வீட்டுப் பாட்டி. அவர் சொன்னபடி சமையலறை ஜன்னலைத் திறந்து, வீட்டுக்காரர் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, குழாயின் மேல் வெந்நீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் பாய்லர் உறுமியது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் காலையில் காபிக்கு ஒரு கெட்டில், குழாய்க்கு ஒரு கெட்டில்.

இந்த முறை பனி இல்லை. காற்றும் மழையும்தான்.

மறுநாள் செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் டிராம் ஏறினோம். பழைய ஷாப்பிங் சென்டரை இடித்துவிட்டு 2021இல் திறந்த புது வளாகம், அதன் நடுவில் வெண்கல நிறத்தில் சுருள் சுருளாக ஒரு ஹோட்டல். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். பார்த்தவுடன் மகனே அதைச் சொல்லிவிட்டான். பிகார்டி பிளேசில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிலை நின்றது. அவரைக் கதையில் படைத்த கோனன் டாயில் பிறந்தது அந்த இடத்தில். டிராம் வேலைக்காக எங்கள் காலத்தில் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கொண்டு வந்தார்கள், நாங்கள் வந்த பிறகும் ஒரு தடவை கழற்றினார்களாம். பாவம், துப்பறிவாளருக்கே ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

அப்புறம் லீத் வாக். டிராம் சத்தமே இல்லாமல் இறங்கியது. நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்டொனால்ட் ரோடு நூலகம் அப்படியே இருக்கிறது. மகளை மடியில் வைத்துக்கொண்டு மற்ற அம்மாக்களோடு ஆங்கிலப் பாட்டுப் பாடக் கற்றது அங்கேதான். தள்ளுவண்டியின் சக்கரம் சேற்றில் சிக்கிக்கொண்ட மூலையில் இப்போது சைக்கிள் பாதை. ஒரு பெண் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்து, பட்டனை அமுக்கி, ஒரே மட்டத்தில் டிராமுக்குள் ஏறினாள். ஒரு வினாடி அவள்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

"இதுதான் நீங்க திட்டிட்டே இருந்த ரோடா? நல்லாத்தானே இருக்கு" என்றான் மகன்.

பழைய வீட்டு வாசலில் நின்றோம். அழைப்புமணிப் பலகையில் எங்கள் இடத்தில் வேறு பெயர். நான் போகலாம் என்றேன். வீட்டுக்காரர் அமுக்கிவிட்டார். ஒரு இளம் ஜோடி. விஷயத்தைச் சொன்னதும் மேலே வரச் சொன்னார்கள். அந்தக் கட்டடங்களில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கல் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. நடுப்படிகள் தேய்ந்து குழிந்திருக்கும். அரிசி மூட்டையோடு ஏறியவள், இப்போது வெறும் கையோடு மூச்சு வாங்கினேன்.

சமையலறைக் கூரையில் துணி காயப்போடும் சட்டம் இன்னும் இருக்கிறது. நாலு நீள மரச்சட்டம், கப்பி, கயிறு. இறக்கித் துணியைப் போட்டு மேலே இழுத்துக் கட்டிவிட வேண்டும், மேலே சேரும் சூட்டில் விடிவதற்குள் காய்ந்துவிடும். யாரோ புத்திசாலி செய்த உருப்படியான கண்டுபிடிப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். மகள் தன்னுடைய குழந்தைத் துணி தொங்கிய இடத்தைப் போட்டோ எடுத்தாள். வாடகை எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்டார். நாங்கள் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். "டிராம் வந்த பிறகு இந்தப் பக்கம் ஏறிவிட்டது" என்றார் அந்தப் பையன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

டிசம்பர் 31க்குப் பிரின்சஸ் தெருக் கொண்டாட்டத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தோம். காற்று பலமாக இருக்கும் என்று முந்தின நாளே வெளியில் நடப்பதாக இருந்த எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள், வாணவேடிக்கை உட்பட. பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு உள்ளூர நிம்மதி. மழையில் நாலு மணி நேரம் யார் நிற்பது?

ஒன்றாம் தேதி கீழ்வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போனோம். இப்போது முதியோருக்கான குடியிருப்பில், லீத் லிங்க்ஸ் பூங்காப் பக்கம் இருக்கிறார். ஸ்காட்லாந்தில் ஒரு வழக்கம்: புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவர் கருந்தலை ஆண்மகனாக, உயரமாக இருந்தால் ராசி. கையில் கரி, பிஸ்கட், விஸ்கி ஏதாவது கொண்டுவர வேண்டும். 2010 முடிந்த ராத்திரி பாட்டி எங்கள் கதவைத் தட்டி, வீட்டுக்காரரைக் குளிரில் வெளியே நிறுத்தி, பன்னிரண்டு அடித்ததும் உள்ளே கூப்பிட்டார். பெண் பார்க்க வந்தபோது 'மாப்பிள்ளை கொஞ்சம் கறுப்பு' என்று இழுத்த என் அத்தையிடம் மறுநாளே போனில் சொன்னேன், இங்கே அதுதான் தகுதி என்று.

இந்த முறை பாட்டி கதவைத் திறந்து வீட்டுக்காரர் தலையைப் பார்த்தார். "நரைச்சுப் போச்சே, நீ ஆகமாட்டாய்" என்று கையால் தடுத்து, பின்னால் நின்ற என் மகனைக் காட்டினார். கரி கிடைக்கவில்லை. மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தோடு அவன்தான் முதலில் உள்ளே போனான். பாட்டி ஒரு முறுக்கை அங்கேயே உடைத்தார். பல் செட்டு புதுசாம், பயமில்லையாம்.

அவர் ஹிப்ஸ் கால்பந்துக் குழுவின் வெறியர். 2012 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் அதே ஊரின் எதிரணியான ஹார்ட்ஸிடம் ஐந்துக்கு ஒன்று என்று தோற்ற அன்று படிக்கட்டு விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். 1902க்குப் பிறகு 2016இல்தான் அந்தக் கோப்பை கிடைத்தது. அந்தக் கதையை முழுவதுமாகக் கேட்டோம், கோல் கோலாக. டிராம் பற்றிக் கேட்டேன். எங்கள் காலத்தில் அவரைப்போல் அதைச் சபித்தவர் கிடையாது, நான் செத்த பிறகுதான் வரும் என்பார். இப்போது மூத்தோர் அட்டையைக் காட்டினால் அவருக்கு இலவசம். வாரத்தில் மூன்று நாள் நியூஹேவன்வரை சும்மா போய்விட்டு வருகிறாராம். "கதகதப்பாக இருக்கிறது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு டிராமில்தான் போக வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம். பதினைந்து வருடம் காத்திருந்தாராம். மெக்டொனால்ட் ரோட்டில் பெட்டிகளோடு டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்றோம். நகருக்குள் ஒரு கட்டணம், விமான நிலையம் என்றால் தனிக் கட்டணம், நான்கு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஏர்போர்ட் பஸ் இன்னும் ஓடுதா?" என்றார்.