தேங்கா நாங்க அரைச்சுக்கிடுவோம்

பல வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு மசாலா கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் வேலையில் இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். தேங்காய்ப் பொடியும் சேர்த்தே வரும் மீன் குழம்பு மசாலா. கரைத்து, மீனைப் போட்டுக் கொதிக்கவிட்டால் சரி. வடசேரி, தக்கலை, குளச்சல் என்று சுற்றினேன். சாம்பிள் பாக்கெட்டை எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள், அடுத்த வாரம் போனால் பல வீடுகளில் பிரிக்கக்கூட இல்லை. குளச்சலில் ஒரு அக்காதான் உடைத்துச் சொன்னார்: "எல்லாத்தையும் நீங்களே போட்டுத் தந்தா பொறவு நான் எதுக்கு மக்கா? தேங்கா நாங்க அரைச்சுக்கிடுவோம்."

என் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. விலை, மணம், நிறம், காரம், அவ்வளவுதான். 'விலை அதிகம்' என்பதில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். மேலே இருந்தவர்கள் விலையைக் குறைத்தார்கள், அப்போதும் போகவில்லை, திட்டு எங்களுக்கு.

அப்புறம் ரொம்ப நாள் கழித்து, ஆடம் கர்டிஸ் 2002-இல் பிபிசிக்காக எடுத்த 'தி செஞ்சுரி ஆஃப் தி செல்ஃப்' ஆவணப்படத்தைப் பார்த்தேன். 4 பாகம், மனசைப் படித்து ஆட்களைப் பொருள் வாங்கவைத்த கதை. மனசின் அடியாழத்தை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் மருமகன், அமெரிக்காவில் விளம்பர வேலை பார்த்த எட்வர்ட் பெர்னேஸ்தான் முக்கிய ஆள் (தங்கை மகன், ஃப்ராய்டின் மனைவியுடைய அண்ணன் மகனும்கூட, நம்ம கணக்கில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம்). 1929 ஈஸ்டர் ஊர்வலத்தில், நியூயார்க் தெருவில் பெண்களைச் சிகரெட் பற்றவைக்கச் செய்து, அதற்கு 'விடுதலைச் சுடர்' என்று பேரும் வைத்து, பத்திரிகைகளில் வரவைத்தவர்.

ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது, பாக்கெட்டில் வரும் ரெடிமேட் கேக் மாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில். வியன்னாவிலிருந்து வந்த உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர் முதலான ஆட்கள் இல்லத்தரசிகளைக் கூட்டி வைத்துப் பேசவிட்டுக் கேட்ட காலம் அது. நோகாமல் கேக் செய்கிறோமே என்று உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சியாம், அதனால் ஒரு முட்டையை அவர்களே சேர்க்கட்டும் என்று விட்டார்களாம். குளச்சல் அக்கா சொன்னது அதுவேதானே!

படம் சொல்வதை முழுசாக நம்பவும் முடியவில்லை. ஒரு நூற்றாண்டையே ஃப்ராய்ட் குடும்பத்தின் தலையில் கட்டுகிறது. முட்டை சேர்க்கச் சொல்லும் மாவும் இவர்கள் கண்டுபிடித்ததில்லை, 1930-களிலேயே அமெரிக்காவில் இருந்ததுதான்.

அம்மாவிடம் குற்ற உணர்ச்சிக் கதையைச் சொன்னேன். "ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. அந்தப் பொடி சிக்கு வாடை அடிச்சுது" என்றார்.